நெவாடாவைக் கடக்க இரண்டு சாலைகள்

வியாழன் இரவு, ஃப்ரீமாண்ட்

நாளைக் காலை சால்ட் லேக் சிட்டிக்குக் கிளம்புகிறோம். மனைவியின் தங்கை புது வீட்டில் முதல் கொலு வைக்கிறாள். மாமா (என் மாமனார்) ஊரிலிருந்து வரும்போது பண்ருட்டி மண் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். அந்தப் பெட்டியை இன்னொரு தடவை விமானத்தில் ஏற்ற அவருக்கு மனமில்லை. அதனால்தான் கார்ப் பயணம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மேஜையில் வரைபடத்தை விரித்தோம். கலிஃபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் நடுவே நெவாடா. அதைக் குறுக்கே கடக்க முக்கியமாக இரண்டு சாலைகள். ஒன்று ஐ-80, நாலு வழி இன்டர்ஸ்டேட். ரீனோவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு 520 மைல் சொச்சம். நம் ஆட்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். இன்னொன்று யு.எஸ். 50, பெரும்பாலும் இரண்டே வழி. மாநிலத்தின் நட்டநடுவே ஓடி, நாங்கள் போகும் விதத்தில் ரீனோவிலிருந்து 600 மைலைத் தொடும்.

இந்த 50ஆம் சாலைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 1986 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகை இதை அமெரிக்காவின் ஆகத் தனிமையான சாலை என்று எழுதியது. பார்க்க ஒன்றுமில்லை, தாக்குப்பிடிக்கும் திறமை இருந்தால் மட்டும் போங்கள் என்று வாகன ஓட்டிகள் சங்கத்து ஆள் ஒருவர் சொன்னதையும் சேர்த்துப் போட்டது. வேறு மாநிலமாக இருந்தால் சண்டைக்குப் போயிருக்கும். நெவாடா சுற்றுலாத் துறை அதையே விளம்பரமாக்கிவிட்டது. வழியிலுள்ள ஊர்களில் முத்திரை வாங்கி அனுப்பினால், தனிமைச் சாலையில் தப்பிப் பிழைத்தவர் என்று சான்றிதழ் தருகிறார்கள். மகள் இதைக் கேட்டதும் ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

மாமா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த 50 நேரா போகுது. பெரிய ரோடு எதுக்கு மாப்பிள்ளை வடக்க வளைஞ்சு போகுது?"

எனக்குத் தெரியவில்லை. போகும்போது 50, திரும்பும்போது ஐ-80 என்று முடிவானது.

வெள்ளி, ஃபாலன்

சியரா மலை வரை பேச ஒன்றுமில்லை. சாக்ரமென்டோ நெரிசல், அப்புறம் ஏற்றம், டானர் கணவாயில் காபி. ரீனோவைத் தாண்டி ஃபெர்ன்லியில் இன்டர்ஸ்டேட்டை விட்டு இறங்கினோம். ஊர்ச் சந்தடி குறைந்து, இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் புதர்.

திடீரென்று பச்சை. குதிரைமசால் வயல்கள், வாய்க்கால், மதகு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபாலன் ஒரு பாசன ஊர். 1902இல் அமெரிக்க அரசு பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சட்டம் போட்டது. அதன்கீழ் முதலில் எடுத்த திட்டங்களில் ஒன்று இங்கேதான். ட்ரக்கி ஆற்றில் 1905இல் டெர்பி அணையைக் கட்டி, தண்ணீரைக் கால்வாயில் திருப்பி இந்தப் பக்கம் விட்டார்கள். லஹான்டன் அணை 1915இல் வந்தது.

ட்ரக்கி ஆறு பிரமிட் ஏரியில் போய் முடிகிறது. அதையொட்டி வின்னமுக்கா என்று இன்னொரு ஏரியும் இருந்தது. தண்ணீர் திரும்பியதும் 1930களில் அது முழுக்க வற்றிவிட்டது. இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடைமடைக்காரன் கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார் கடைசியில்.

சாலையோரக் கடையில் முலாம்பழம் வாங்கினோம். ஃபாலன் பழத்துக்கு இந்தப் பக்கத்தில் நல்ல பேர். பேர் சரிதான்.

சனி, ஃபாலன் முதல் ஈலி வரை

இன்றுதான் அசல் சாலை. ஃபாலனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டோம். அடுத்த ஊர் ஆஸ்டின், 110 மைல் தள்ளி. மாமா கிலோமீட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, "மெட்ராஸ்லேருந்து விழுப்புரம். நடுவுல ஊரே கிடையாதா?" என்றார். கிடையாது. மிடில்கேட் என்ற இடத்தில் ஒரு பழைய விடுதி இருக்கிறது, கூரை முழுக்க டாலர் நோட்டு ஒட்டி. அவ்வளவுதான்.

முதலில் மணல் மலை. 600 அடி உயரத்துக்குத் தனியாக ஒரு மணல்மேடு. ஆதியில் இங்கே லஹான்டன் என்று பெரிய ஏரி இருந்து வற்றியது. அதன் மணலைக் காற்று அள்ளிவந்து குவித்திருக்கிறது. மணல் சரியும்போது ஓசை எழுப்பும் என்று படித்துவிட்டுப் போனோம். எங்களுக்குக் கேட்டதெல்லாம் மணல் வண்டிகளின் இரைச்சல். சனிக்கிழமை போகாதீர்கள். ஆனால் மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் கருங்கல் இடிபாட்டுக்காகவாவது நிற்க வேண்டும். அது போனி எக்ஸ்பிரஸ் குதிரைத் தபால் நிலையம்.

மாமாவின் கேள்விக்குப் பாதி விடை இந்த இடிபாட்டில் கிடைத்தது. 1859இல் கேப்டன் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற ராணுவப் பொறியாளர் யூட்டாவிலிருந்து நெவாடாவின் நடுவே ஒரு பாதை அளந்தார். அதற்கு முன் எல்லோரும் வடக்கே ஹம்போல்ட் ஆற்றங்கரையோடு சுற்றிக்கொண்டு போனவர்கள். சிம்ப்சனின் வழியில் 200 மைலுக்கு மேல் மிச்சம். அடுத்த வருஷம் ஏப்ரலில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. மிசூரியிலிருந்து சாக்ரமென்டோவுக்குப் பத்து நாளில் கடிதம். அன்றைக்கு அதைவிட வேகம் கிடையாது. 1861 அக்டோபரில் தந்திக்கம்பி இணைந்ததும் குதிரைத் தபாலை மூடிவிட்டார்கள். அந்தத் தந்தியும் நெவாடாவை இந்த வழியாகத்தான் கடந்தது.

ஆக, இன்றைக்கு நாம் மெதுவாக ரசித்துப் போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் இந்தப் பின்சாலைதான் அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் பாதை. இது என் மண்டையில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

சாலையின் போக்கைச் சொல்ல வேண்டும். நெவாடாவில் மலைத்தொடர்கள் எல்லாம் தெற்கு வடக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. 50ஆம் சாலை மேற்கு கிழக்காக ஓடுவதால் ஒவ்வொன்றையும் ஏறி இறங்க வேண்டும். கணவாய் உச்சிக்கு வந்தால், கீழே அகலமான பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே பதினைந்து இருபது மைலுக்கு வளைவே இல்லாத தார்க்கோடு. அந்தக் கோடு முடியும் இடத்தில் அடுத்த மலை. இறங்கி, ஓட்டி, ஏறினால் மறுபடி அதே காட்சி. முதல் இரண்டு தடவை வாயைப் பிளந்தோம். ஐந்தாவது தடவை மகள் தூங்கிவிட்டாள். அழகிய சாலை என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இதன் அழகு அடுத்தடுத்து எதையும் காட்டுவதில் இல்லை, எதிரே வண்டியே வராத அந்த நீளத்தில் இருக்கிறது. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவும் பக்கத்து இருக்கையிலிருந்து கும்பிடு போட ஆரம்பித்தார்.

ஆஸ்டினில் இப்போது இருநூறு பேர்கூட இல்லை. 1862இல் வெள்ளி கிடைத்து ஆயிரக்கணக்கில் கூடிய ஊர். இங்கே நடந்த மாவு மூட்டைக் கதை எனக்குப் பிடித்தது. 1864இல் ரூவல் கிரிட்லி என்ற மளிகைக்கடைக்காரர் தேர்தல் பந்தயத்தில் தோற்றார். பந்தயப்படி 50 பவுண்டு மாவு மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் நடந்தார். அப்புறம் அந்த மூட்டையை உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஏலம் விட்டார்கள். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம், மறுபடி திருப்பிக் கொடுப்பு. ஊர் ஊராக அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் லட்சக்கணக்கான டாலர் சேர்த்தார் மனிதர். கடைக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

ஊருக்குக் கிழக்கே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. உச்சி 7,484 அடி. மாமா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார், டிக்கியில் இருக்கும் பொம்மைகளை நினைத்து. மகளும் விழித்துக்கொண்டு "தாத்தா, தெப்பக்குளத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சமாதானம் சொன்னாள்.

அடுத்த ஊர் யுரேக்கா, 70 மைல். இந்தச் சாலையில் ஒரு ஊரில்தான் தங்கலாம் என்றால் நான் இதைச் சொல்வேன். 1880இல் கட்டிய ஆப்பரா மாளிகை, செங்கல் கட்டடங்கள், சிரித்த முகங்கள். ஈயமும் வெள்ளியும் உருக்கிய ஊர். உலைகளுக்குக் கரி வேண்டும் என்று சுற்றுவட்டார மலைகளில் இருந்த பின்யான் மரங்களை மைல் கணக்கில் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். 1879இல் கரி சுட்ட இத்தாலியத் தொழிலாளர்கள் விலை கேட்டுப் போராட, ஷெரிஃபின் ஆட்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். இப்போது மலைகளில் மரம் திரும்ப வளர்ந்திருக்கிறது.

இங்கிருந்து ஈலிக்கு இன்னும் 77 மைல். இருட்டுவதற்குள் சேர்ந்துவிட்டோம். இருட்டில் ஓட்டக்கூடாது என்பது இந்தச் சாலையில் ஒரு கட்டாயம். வேலி இல்லாத மேய்ச்சல் நிலம், மாடு நடுச்சாலையில் நிற்கும். போனில் சிக்னலும் வராது.

ஞாயிறு, கிரேட் பேசின்

பார்க்க ஒன்றுமில்லை என்று பத்திரிகை எழுதிய அதே 1986இல், மூன்று மாதம் கழித்து, இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு தேசியப் பூங்கா வந்தது. கிரேட் பேசின். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் இல்லை.

வீலர் சிகரத்தின் தோளில் 10,000 அடி வரை கார் ஏறுகிறது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. மாமாவும் மனைவியும் மேலே கார் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தார்கள். அந்த உயரத்தில் அவரை நடக்கவிட எங்களுக்குத் தைரியம் இல்லை. நானும் மகளும் பிரிஸில்கோன் பைன் தோப்புக்கு நடந்தோம்.

பனி, காற்று, மண்ணே இல்லாத பாறைக்குவியல். அதில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். முக்கால் பாகம் பட்டுப்போய், ஒரு பட்டைக் கீற்றில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு பச்சை காட்டுகின்றன. இடம் இவ்வளவு மோசமாக இருப்பதால்தான் இவ்வளவு காலம் வாழ்கின்றன. வளர்ச்சி மெதுவாக இருப்பதால் மரம் இறுகிவிடுகிறது. பூச்சியும் பூஞ்சையும் அண்டுவதில்லை. பக்கத்தில் வேறு மரம் இல்லாததால் தீயும் பரவுவதில்லை. கீழே சொகுசான இடத்தில் வளரும் இதே இன மரங்கள் சீக்கிரம் போய்விடுகின்றன.

1964இல், பூங்கா ஆவதற்கு முன், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வனத்துறை அனுமதியோடு இங்கே ஒரு மரத்தை வெட்டினார். எண்ணிப் பார்த்தபோது 4,800க்கும் மேல் வளையங்கள். அதுவரை வயது தெரிந்த மரங்களிலேயே மூத்தது அதுதான். மகள் இதைக் கேட்டுவிட்டு, "எண்ணிட்டு வெட்டக் கூடாதா?" என்றாள். துளைக்கருவியால் மெல்லிய மாதிரி எடுத்து எண்ணும் முறை உண்டு, அது அந்த மரத்தில் சரியாக வரவில்லை என்று விளக்கினேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

இதற்காக மட்டும் யாராவது ஐ-80ஐ விட்டுவிட்டு வரலாமா என்றால், வரலாம்.

திங்கள், சால்ட் லேக் சிட்டி

யூட்டா எல்லையில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் டெல்டா பக்கம் போகும்வரை 80 மைலுக்கு மேல் ஒன்றும் கிடையாது. வலப்பக்கம் செவியர் ஏரி, பேருக்குத்தான் ஏரி, பெரும்பாலும் வெள்ளை உப்புத்தரை. டெல்டாவுக்குப் பக்கத்தில்தான் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த டோபாஸ் முகாம் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி வர வேண்டும்.

அப்புறம் ஐ-15, நெரிசல், வீடு. பெட்டியைத் திறந்ததில் செட்டியார் பொம்மைக்கு ஒரு விரல் மட்டும் இல்லை. அது விமானத்தில் போனதா, ஆஸ்டின் வளைவில் போனதா என்று வீட்டில் இரண்டு கட்சி.

அடுத்த சனி, எல்கோ

கொலுவும் சுண்டலும் ஓய்ந்து திரும்புகிறோம். இந்தத் தடவை ஐ-80.

ஊரைத் தாண்டியதும் உப்பு வெளி. போன்வில் ஓய்விடத்தில் நிறுத்தி உப்பில் நடந்தோம். அதன்மேல் சாலை அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் போகிறது. வேக வரம்பு 80 மைல். லாரிகளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வருவதால், அவை கடக்கும்போது காற்றில் கார் ஆடுகிறது. மனைவிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 50இல் நாள் முழுக்க ஓட்டியவள், இங்கே இரண்டு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஐ-80இன் கடைசித் துண்டும் சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே 1986 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பத்திரிகைக் கட்டுரை ஜூலை, இது ஆகஸ்ட், பூங்கா அக்டோபர். மூன்றும் ஒரே வருஷம்.

இந்த உப்பு வெளிக்கு இன்னொரு கதை உண்டு, வண்டியில் சொல்லத் தயங்கி ராத்திரி மகள் தூங்கியதும் சொன்னேன். 1846இல் டானர் குழு, 87 பேர், கலிஃபோர்னியாவுக்கு மாட்டுவண்டிகளில் கிளம்பினார்கள். தெரிந்த வழி வடக்கே சுற்றிப் போகும். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் ஏரிக்குத் தெற்கே குறுக்குவழி இருப்பதாக எழுதியிருந்தார். நம்பி வந்தார்கள். 40 மைல் என்று அவர் சொன்ன தண்ணீரில்லாத பாலை ஏறத்தாழ 80 மைல் இருந்தது. மாடுகள் போயின, வண்டிகளை விட்டுவிட்டார்கள். இந்தச் சுற்றில் இழந்த வாரங்களால் சியராவைச் சேர்ந்தபோது பனி முந்திக்கொண்டது. ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. அவர்களைப் பனி மறித்த கணவாயைத்தான் இன்று டானர் கணவாய் என்கிறோம், போகும்போது காபி குடித்தோமே அங்கே.

எல்கோவுக்கு மேற்கே, அந்தக் குறுக்குவழி ஹம்போல்ட் ஆற்றுப் பாதையோடு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கலிஃபோர்னியா தடத்துக்கான விளக்க மையம் இருக்கிறது. இன்டர்ஸ்டேட்டை ஒட்டியே. இன்று சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு எல்கோவுக்குத் திரும்பிவந்து தங்கியிருக்கிறோம். ஒரு மணி நேரம் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு, வீடு

காலையிலிருந்து மாமாதான் வழிகாட்டி. கார்லின் சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டார். "இதுவா ஆறு? நம்ம ஊர் ஏ பிரிவு வாய்க்கால் இதைவிட அகலம்." உண்மைதான், பல இடங்களில் தாண்டிக் குதித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் ஆறும், ரயிலும், இன்டர்ஸ்டேட்டும் மணிக்கணக்கில் சேர்ந்தே வருகின்றன.

அவர் கேட்ட கேள்விக்கு மீதி விடை இதுதான். குதிரைவீரனுக்குப் பத்து மைலுக்கு ஒரு நிலையமும் மாற்றுக் குதிரையும் இருந்தால் போதும், மலையைப் பற்றிக் கவலையில்லை. மாட்டுவண்டிக்குத் தினமும் புல்லும் தண்ணீரும் வேண்டும். 1860களின் கடைசியில் வந்த ரயிலுக்கு நீராவிக்குத் தண்ணீரும் ஏற்றமில்லாத தடமும் வேண்டும். இரண்டுமே ஹம்போல்ட் கரையில்தான் கிடைக்கும். மலைத்தொடர்களுக்கு நடுவே ஆறு ஏற்கெனவே வழி வெட்டி வைத்திருக்கிறது. ரயிலுக்குப் பக்கத்தில் ஊர்கள், ஊர்களை இணைக்கத் தார்ச்சாலை, அப்புறம் அதன்மேல் ஐ-80. வடக்கே வளைவது சாலை இல்லை, ஆறு.

"எந்தக் கடல்ல சேருது?" என்று அடுத்த கேள்வி. எதிலும் சேர்வதில்லை. லவ்லாக் ஊரைத் தாண்டி ஒரு உப்புத் தாழ்வில் பரவி ஆவியாகிவிடுகிறது. அதற்கு முன் ரை பேட்ச் என்ற இடத்தில் 1936இல் கட்டிய மண் அணை. மாமாவுக்காக இறங்கினோம். அரை மணி என்று சொல்லி ஒன்றேகால் மணி நேரம் நின்றார். கரைச்சரிவு, கலிங்கு, ஷட்டர் எல்லாவற்றையும் போன் கேமராவில் பிடித்தார். பயணத்தில் அவர் இவ்வளவு படம் எடுத்த இடம் வேறில்லை. பைன் தோப்புப் பக்கம் அவர் எடுத்தது புளிசாதத்தை.

ஃபெர்ன்லியில் மகளுக்கு விட்டுப்போன முத்திரையை வாங்கினோம்.

வழி தேடுகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் வாரத்துக்குள், பகலில், நடுவில் ஈலியில் ஒரு ராத்திரி தங்க நேரம் இருந்தால் 50ஐ எடுங்கள். ஃபாலன், ஆஸ்டின், யுரேக்கா, ஈலி என்று கிடைக்கிற இடத்திலெல்லாம் டேங்கை நிரப்புங்கள், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள். பனிக்காலத்திலும், ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்றாலும் ஐ-80. அதிலும் நேரே பறக்காமல் எல்கோ பக்கம் ஒரு தடவையாவது இறங்குங்கள்.

எங்கள் வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் 50. எனக்கும் அதேதான், மிடில்கேட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க ஆசை. மாமா மட்டும் ஐ-80 பக்கம். அடுத்த தடவை வரும்போது ஆறு போய் முடிகிற அந்த உப்புத் தாழ்வு வரை போக வேண்டுமாம். கார் போகுமா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.